மணலில் மல்லிகை, அடியில் கடல்: தங்கச்சிமடம் அருகே ஒரு தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டில் குண்டுமல்லி வைத்திருக்கும் உழவரிடம் நாற்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் இராமநாதபுரம் என்றே விடை வரும். பயிர்ப் பரிந்துரைகளிலும் 'இராமநாதபுரம் குண்டுமல்லி' தனி இரகமாகவே இடம்பெறுகிறது. இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடம், அக்காள்மடம் பகுதிகளில், தென்னைக்கும் பனைக்கும் இடைப்பட்ட மணற்பாத்திகளில் குச்சி வைத்து வேர்பிடிக்கச் செய்த நாற்றுகள் கட்டுக்கட்டாகத் தீவைக் கடந்து செல்கின்றன. 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தோட்டங்களுக்கும் இந்த நாற்றே போகிறது. ஆகவே இங்குள்ள ஒரு தாய்ச்செடித் தோட்டத்தில் நோவு கண்டால், அது அந்த வேலிக்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தோட்டம் தீவின் வடபுறத்தில், பாக் நீரிணைக் கரையிலிருந்து எளிதில் நடந்து சென்றுவிடக்கூடிய தொலைவில் உள்ளது. அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அந்த நிலத்தின் வடக்கு எல்லையில் பனைமட்டை வேலியும், மேற்கில் வயதான தென்னைகளும், தென்கிழக்கு மூலையில் மற்ற இடங்களைவிடச் சற்றுத் தாழ்ந்த ஒரு பள்ளமும் இருக்கின்றன. பாதி வரிசைகள் குச்சி எடுப்பதற்கான தாய்ச்செடிகள், மீதி பூவுக்கானவை. உரிமையாளர் நடுவயதைக் கடந்த பெண்மணி. தொழிலை மாமியாரிடம் கற்றவர். மாமியார் காலத்தில் ஊற்றுக்குழியிலிருந்து குடத்தால் மொண்டு ஊற்றிய நீரை, அண்மைக் காலத்தில் ஆழ்துளைக் குழாய் இறக்கி மோட்டாரால் இறைக்கத் தொடங்கியிருந்தார். கூலிக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில் அந்த முடிவைக் குறை சொல்ல இயலாது.

குழாய் இறக்கிய அடுத்த கோடையிலிருந்தே செடிகள் வெளுக்கத் தொடங்கியிருக்கின்றன. முதலில் கொழுந்து மஞ்சளாயிற்று. பிறகு மொட்டு சிறுத்தது. அதன்பின் வெட்டிய குச்சிகளில் வேர் பிடிப்பவை குறைந்தன. அவர் யூரியா போட்டார், டி.ஏ.பி. போட்டார், கடையில் கொடுத்த நுண்ணூட்டக் கலவையைத் தெளித்தார், தண்ணீரையும் கூட்டினார். "தம்பி, செடிக்குச் சத்து பத்தலைன்னு வருசம் பூராக் கொட்டுறேன். கொட்டக் கொட்டத்தான் வெளுக்குது" என்று அவர் சொன்னபோது, அதில் ஆற்றாமையே மிகுந்திருந்தது. ஆனால் இந்த நிகழ்வின் மிகத் துல்லியமான குறிப்பு அந்த வாக்கியம்தான் என்பதைப் பின்னர் கண்ட ஒவ்வொன்றும் உறுதி செய்தது. அக்கம்பக்கத்தார் அனைவரும் உப்புக்காற்றின்மேல் பழியைப் போட்டிருந்தனர். கடற்கரையில் எந்தச் செடி எதனால் வாடினாலும் உப்புக்காற்று என்று சொல்லிவிடுவது எளிது. அதற்குமேல் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை அல்லவா!

செடியின் மென்மையான உடம்பு

குண்டுமல்லி ஆண்டு முழுவதும் இலை தாங்கி நிற்கும் புதர்ச்செடி. உறைபனியைத் தாங்காது என்பதால் குளிர்நாட்டார் இதனைத் தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்துச் செல்கிறார்கள். இராமநாதபுரம் கரையில் அந்த அச்சமே இல்லை. இரவுக் குளிர் கூடும் கார்த்திகை முதல் தை வரை மொட்டு அரிதாகும், அவ்வளவே. அந்த மாதங்களில்தான் மதுரைச் சந்தையில் ஒரு கிலோ பூவின் விலை ஆயிரங்களில் பேசப்படுகிறது. மாறாக, இங்கே இச்செடியின் மென்மை வேறு இரண்டு இடங்களில் வெளிப்படுகிறது. வேரடியில் நீர் தேங்கினால் அழுகும். பாசன நீரில் உவர் ஏறினால் சுருளும். மணல் முதல் இடரைப் பெருமளவு போக்கிவிடுகிறது. இரண்டாவது இடரை அதே மணல்தான் கொண்டுவந்து சேர்க்கிறது.

இச்செடி வழக்கமாக விதை கட்டுவதில்லை. குச்சியாலும் பதியனாலும்தான் பெருக்கப்படுகிறது. ஆகையால் ஒரு தாயிலிருந்து வெட்டிய அத்தனை நாற்றும் அந்தத் தாயின் அச்சே. தாயின் வேரில் ஒட்டிய நோயும் மண்ணோடு சேர்ந்து வெளியூர் போகும். பூ புதிய தளிரின் நுனியில்தான் வரும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். குச்சிக்கு வெட்டுபவர் எடுத்துச் செல்வதும் அதே தளிரைத்தான். ஒரே செடியிலிருந்து பூவையும் குச்சியையும் தொடர்ந்து எடுக்க நினைப்பது, முன் சொன்ன நோவுகள் எதுவும் இல்லாத தோட்டத்திலேயே செடியை இளைக்கச் செய்யும். இந்தத் தோட்டத்தில் விலை நன்றாயிருந்த காலத்தில் பூ வரிசைகளிலும் குச்சி வெட்டியிருந்தார்கள்.

தீவு பூவைவிட நாற்றுக்குப் பெயர் பெற்றதற்கு என் கருத்தில் தொலைவே முதற்காரணம். குண்டுமல்லியை விடியுமுன், விரியாத முற்றிய மொட்டாகப் பறிக்க வேண்டும். மணத்துக்குக் காரணமான பென்சைல் அசிட்டேட், லினலூல் போன்ற ஆவியாகும் பொருட்கள் மொட்டு விரியும் வேளையில்தான் மிகுதியாக வெளிப்படுகின்றன. பறித்த பின்னும் மொட்டு உயிரோடிருந்து மாலையில் தானே விரியும். வண்டியிலேயே விரிந்துவிட்ட பூவுக்குச் சந்தையில் விலை இல்லை. இங்கிருந்து மதுரைக்கு 160 கிலோமீட்டருக்கு மேல். 1988இல் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவின் சரக்கு ரயிலிலோ படகிலோதான் வெளியேற முடிந்தது. ஈரச்சாக்கில் சுற்றிய நாற்று அந்தப் பயணத்தைத் தாங்கும், பூ தாங்காது.

கிணற்றிலிருந்து தொடங்கியது ஏன்

வெளுத்த இலையைக் கையில் எடுத்தவுடன் எந்தச் சத்து குறைவு என்று பட்டியல் பார்ப்பது வழக்கம். இந்தக் கரையில் அதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காரணம் நிலத்தடியில் இருக்கிறது. தீவில் ஆறு இல்லை. மேலே பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியில் ஏற்கெனவே ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு அடர்த்தி மிக்கது என்ற இந்தச் சிறு வேறுபாடுதான் தீவின் குடிநீருக்கும் தோட்டத்துக்கும் ஆதாரம். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தாங்கி நிற்கும் என்பது கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் பெயரால் வழங்கும் கணக்கு. இடையில் கலப்புநீர்ப் பகுதி இருப்பதால் உண்மையில் கிடைக்கும் நன்னீர் இதைவிடக் குறைவு. இந்தக் கணக்கை மறுபுறமாகப் படித்தால்தான் அச்சம் புரியும்: இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், நாளடைவில் அடியிலுள்ள உவர்நீர் 40 அடி மேலேறப் பார்க்கும். ஆழமாகக் குழாய் இறக்கி ஓரிடத்திலேயே வேகமாக உறிஞ்சினால் அந்த இடத்துக்கு நேர் கீழே உவர்நீர் கூம்பு வடிவில் எழும்பிவருவதும் இதனால்தான்.

பழைய ஊற்றுக்குழிகள் ஆழமில்லாதவை, குடத்தால் மொண்டவை, மொண்ட குழி மறுபடி ஊறும்வரை காத்திருக்க வேண்டியவை. அந்தக் காத்திருப்பே நன்னீரைக் காத்து வந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. குடத்தின் எடையும் உடம்பின் களைப்பும் விதித்த அளவு அது.

நீரில் உப்பு கூடக் கூட உயரும் மின்கடத்துதிறனைக் காட்டும் கைக்கருவி ஒன்றைக் கொண்டு குழாய் நீரை மோட்டார் போட்டவுடனும், பிறகு இடைவெளி விட்டுவிட்டும் அளந்தோம். தொடக்கத்தில் பாசனத்துக்குப் பழுதில்லாத அளவில் இருந்த நீர், மோட்டார் ஓட ஓட ஏறிக்கொண்டே சென்றது. அணைத்துவிட்டு மறுநாள் காலையில் அளந்தபோது மீண்டும் இறங்கியிருந்தது. இந்த ஏற்ற இறக்கம்தான் இந்த நிகழ்வின் திறவுகோல். உரிமையாளர் ஏற்கெனவே நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். 'ஏற்றது' என்றே அறிக்கை வந்திருந்தது. அந்த அறிக்கையில் தவறேதும் இல்லை. மோட்டார் போட்டவுடன் பிடித்த நீரை அவர் புட்டியில் கொடுத்திருந்தார். செடி குடித்ததோ மோட்டார் நெடுநேரம் ஓடியபின் வந்த நீரை.

பாசன நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்சுக்குக் கீழிருந்தால் கவலையில்லை என்றும், 3ஐத் தாண்டினால் கடுமையான கட்டுப்பாட்டோடுதான் பயன்படுத்த வேண்டும் என்றும் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. கடல்நீரின் அளவு 50ஐ ஒட்டியது. நல்ல நீரில் நூற்றுக்கு ஐந்து பங்கு கடல்நீர் கலந்தாலே 3ஐத் தொட்டுவிடும் என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். ஐந்து பங்கு கலந்தது நாவுக்குச் 'சற்றுக் கரிக்கிறது' என்ற அளவில்தான் தெரியும்; கால்நடை குடித்துவிடும்; செடி மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளும்.

எந்த இலை, எந்த இடத்தில்

நீர் ஒன்றே காரணம் என்று அங்கேயே நின்றிருந்தால் பாதிதான் விளங்கியிருக்கும். ஏனென்றால் உவரால் வரும் கேடு பெரும்பாலும் முதிர்ந்த இலையின் விளிம்பில் தீய்ந்ததுபோலத் தொடங்கும். இந்தத் தோட்டத்தில் தீய்ந்த விளிம்பு குழாய்நீர் முதலில் பாயும் சில வரிசைகளிலும் வடக்கு வேலியோரத்திலும் மட்டுமே இருந்தது. தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது வேறு வகை வெளுப்பு. கொழுந்திலைகளில் நரம்பு பச்சையாகவும் நரம்பிடை மஞ்சளாகவும் வலைப்பின்னல் தெளிவாகத் தெரிந்தது. அடியிலைகளோ பசுமையாகவே இருந்தன. யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவாக இருந்திருந்தால் செடி அடியிலையிலிருந்து சத்தை எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கும். அடியிலைதான் முதலில் வெளுக்கும். இரும்புச்சத்து அப்படி இடம் பெயராது. எனவே கொழுந்து மஞ்சளித்து அடியிலை பசுமையாக இருந்தால் இரும்பின் பக்கம் பார்க்க வேண்டும். யூரியா மூட்டையைப் பிரிக்கக் கூடாது.

மணலில் இரும்பே இல்லையா என்றால், பெரும்பாலும் இருக்கும். எடுக்க முடியாத நிலையில் இருக்கும். இந்தக் கரையின் மணலில் சிப்பித்தூளும் பவளத்தூளும் கலந்திருப்பதால் சுண்ணாம்பு மிகுதி. ஒரு கைப்பிடி மண்ணில் நீர்த்த அமிலம் சில சொட்டு விட்டபோது நுரைத்துப் பொங்கியதே போதிய சான்று. இத்தகைய காரமண்ணில் இரும்பு கரையாத வடிவுக்குப் போய்விடுகிறது. பாசன நீரிலுள்ள பைகார்பனேட் அதனை இன்னும் இறுக்குகிறது. அதன்மேல் டி.ஏ.பி.யாக அளவின்றிச் சேர்த்த மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இரும்போடு பிணைந்துகொள்ளும். உரிமையாளர் நீரைக் கூட்டினார். அதனால் பைகார்பனேட்டும் உவரும் கூடின. டி.ஏ.பி.யைக் கூட்டினார், இரும்பு மேலும் பூட்டப்பட்டது. கொட்டக் கொட்ட வெளுத்தது இப்படித்தான்.

வேலியோரத்து வரிசைகளில் மட்டும் உப்புக்காற்றுக்கும் பங்கு இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் பாக் நீரிணையின் நீர்த்திவலை நேராக வடபுறத் தோட்டங்கள்மேல் வந்து படிகிறது. வடக்குப் பார்த்த இலைகளின் உப்புப் படிவை விரலால் தடவி நாவில் வைத்தாலே அறியலாம். ஆனால் வேலியிலிருந்து நான்கைந்து வரிசை உள்ளே வந்தவுடன் அந்தக் கரிப்பு இல்லை. வெளுப்போ கடைசி வரிசைவரை இருந்தது. ஊரார் சொன்ன காரணம் தோட்டத்தின் ஓர் ஓரத்துக்கு மட்டுமே பொருந்திற்று.

தென்கிழக்குப் பள்ளத்துச் செடிகள் இவற்றோடு சேராமல் தனியாக நின்றன. மண் ஈரமாக இருந்தும் நண்பகலில் வாடின, மாலையில் தேறின. கொழுந்தும் அடியிலையும் ஒருசேர வெளிறியிருந்தன. சில செடிகளைப் பெயர்த்து வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தபோது, நுண்வேர்கள் குறைந்து, இருந்த வேர்களில் மிளகளவிலும் அதற்குக் குறைவாகவும் முடிச்சுகள் திரண்டிருந்தன. வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை அது. மணற்பாங்கான நிலம் இந்தப் புழுவுக்கு மிகவும் உகந்தது; மண்துகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில் எளிதாக நகரும். பள்ளத்துக்கு அது எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை உரிமையாளரின் நினைவிலேயே இருந்தது. அந்த மூலையில் முன்பு கத்தரி வைத்திருந்ததாகச் சொன்னார். கத்தரி இந்தப் புழு விரும்பித் தங்கும் பயிர்களுள் ஒன்று. தாய்ச்செடி வரிசைகளுள் இரண்டு அந்தப் பள்ளத்தை ஒட்டியே இருந்தன என்பதுதான் கவலைக்குரிய செய்தி.

செய்தவையும் செய்யாமல் விட்டவையும்

முதல் வேலை எல்லா உரத்தையும் நிறுத்துவது. இதற்கு உரிமையாளரைச் சம்மதிக்க வைப்பதுதான் முழு ஆய்விலும் கடினமான பகுதியாக இருந்தது. வெளுத்த செடிக்கு ஒன்றும் போடாமல் இருப்பது அவருக்குக் கைவிட்டதாகவே பட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்து, "ஆத்தா, பேதி ஆகுற புள்ளைக்குச் சோத்தை ஏத்தியா குடுப்ப?" என்று கேட்ட பிறகே அவர் மனம் இறங்கிற்று. எங்கள் விளக்கங்களைவிட அந்த ஒரு கேள்வி நன்றாக வேலை செய்தது.

அடுத்து நீர். ஆழ்துளைக் குழாயைப் பாசனத்திலிருந்து விலக்கி, தூர்ந்துபோயிருந்த இரண்டு பழைய ஊற்றுக்குழிகளைத் தோண்டித் திறந்து, புதிதாக ஒன்றையும் எதிர்மூலையில் அமைத்தார்கள். நன்னீரின் மேல்மட்டத்தைத் தொட்டவுடன் தோண்டுவது நிறுத்தப்பட்டது; ஆழம் கூடுவது இங்கே நன்மையன்று. குடம் தூக்க ஆளில்லை என்ற உண்மையான சிக்கலுக்கு, சிறு திறன் மோட்டாரை ஒரு குழியில் குறுகிய நேரம் ஓட்டி மேல்தொட்டியில் ஏற்றி, மறுநாள் அடுத்த குழிக்கு மாறுவது என்று ஏற்பாடு. தொட்டியிலிருந்து சொட்டுக்குழாய் வழியே செடியடிக்கு நீர் போயிற்று. இலைமேல் படும்படி நீர் ஊற்றுவது தவிர்க்கப்பட்டது. சற்றே உவர் கலந்த நீர் இலையில் காய்ந்தால் மண்ணில் செய்யும் கேட்டைவிட விரைவாகச் செய்யும்.

உவரைக் கழுவ ஜிப்சம் போடலாமா என்று கேட்டார்கள். களிமண்ணில் சோடியம் ஏறி மண் இறுகிய இடத்துக்கு அது மருந்து. ஏற்கெனவே சுண்ணாம்பு மிக்க, நீர் தங்காத மணலில் அதனால் பெரிய பயன் இல்லை. மணலின் நற்குணம், ஏறிய உப்பு ஒரு நல்ல வடகிழக்குப் பருவமழையில் இறங்கிவிடும் என்பது. எனவே ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் பாத்திகளின் வரப்பைச் சீர்செய்து, பெய்யும் நீர் ஓடிப்போகாமல் செடியடியிலேயே இறங்கும்படி செய்ததோடு நிறுத்திக்கொண்டோம். தென்கிழக்குப் பள்ளத்தில் மட்டும் இதற்கு நேர்மாறாக வடிகால் வெட்டப்பட்டது.

இரும்புக்கு அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட். லிட்டருக்கு 5 கிராம் என்ற அளவில் மாதம் ஒருமுறை இலைவழித் தெளிப்பதே மல்லிகை மஞ்சளிப்புக்கான வழக்கமான பரிந்துரை. உரிமையாளர் இதையும் முன்பே செய்து பார்த்துப் பலனில்லை என்று விட்டிருந்தார். எப்படிக் கரைத்தீர்கள் என்று கேட்டபோது விளங்கிற்று: குழாய் நீரில் காலையில் கரைத்து வைத்து மாலையில் தெளித்திருக்கிறார். காரத்தன்மையுள்ள நீரில் அன்னபேதி சில மணி நேரத்திலேயே துருவாக மாறிப் பழுப்பாகிவிடும். தெளித்தது இரும்புத் துருவையே. மழைநீரையோ, ஊற்றுக்குழியின் நல்ல நீரில் லிட்டருக்கு 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்ததையோ பயன்படுத்தி, கரைத்த உடனே, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கும்படி மாற்றினோம். கரைசல் இளம்பச்சை நிறம் மாறாமல் இருக்க வேண்டும். பழுப்பேறினால் கொட்டிவிட வேண்டும். புதிய கொழுந்துகள் பச்சையாக வந்தன. முன்பு மஞ்சளித்த இலைகளில் தெளிசொட்டு பட்ட இடம் மட்டும் பச்சைப் புள்ளிகளாகத் திரும்பியது, இரும்புக் குறைவே என்ற எங்கள் கணிப்புக்கு நல்ல உறுதிப்பாடாக அமைந்தது.

இலைவழித் தெளிப்பு அடுத்த கொழுந்துவரைதான் துணை வரும். மண்ணில் இரும்பைக் கரையும் நிலையில் வைத்திருக்க மக்கிய எருவைவிட எளிய வழி இந்த மணலில் இல்லை. செடிக்கு 10 கிலோ தொழுவுரம் என்ற பரிந்துரையை, மணல் விரைவில் தின்றுவிடும் என்பதால் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தோம்; தொழுவுரம் போதாத இடத்தில் ஆட்டெரு சேர்ந்தது. கரையொதுங்கும் கடற்பாசியைச் சிலர் அப்படியே வாரிவந்து செடியடியில் போடுகிறார்கள். அது நல்ல பொருள்தான். ஆனால் ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே குவித்து உப்பு இறங்கிய பிறகே தோட்டத்துக்குள் வர வேண்டும். தென்னை மட்டையும் ஓலையும் மூடாக்காக இடப்பட்டன.

வேதியுரம் மீண்டும் தொடங்கியது, கிளைகளை வெட்டிவிடும் கவாத்துக்குப் பின்னரே. ஆண்டுக்குச் செடி ஒன்றுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம் என்பது பொதுப் பரிந்துரை; கவாத்து முடிந்ததும் ஒருமுறை, ஆனி ஆடியில் ஒருமுறை என இரண்டு தவணை. இங்கே மணிச்சத்து ஏற்கெனவே மிகுந்திருந்ததால் அந்த ஆண்டு அது விலக்கப்பட்டது. தழைச்சத்தை யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட்டாக, பல சிறு தவணைகளில் கொடுத்தோம். அது வேரைச் சுற்றிய மண்ணின் காரத்தைச் சற்றுத் தணிக்கும். சாம்பல்சத்துக்கு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம் என்றோம். அதில் ஏறத்தாழ பாதி எடை, கடல் உப்பிலும் உள்ள குளோரைடு. அதைத் தோட்டத்துக்கு வெளியே வைக்கத்தான் இவ்வளவு பாடும். சல்பேட் வடிவம் விலை கூடுதல் என்பதில் உரிமையாளருக்கு வருத்தம் உண்டு. அந்த வருத்தம் நியாயமானது.

கவாத்தின் காலம் குறித்து உள்ளூர் வழக்கத்தோடு சற்று ஒட்டியும் வெட்டியும் நிற்க வேண்டியிருந்தது. நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிடுவது நூல்முறை. ஆனால் இந்தக் கரையில் அப்போது மழை ஓய்ந்திருக்காது. வெட்டுவாயில் நீர் இறங்கிக் கிளை கருகுவதைப் பழைய செடிகளில் கண்டோம். நாற்றுக்காரருக்கோ ஈரக்காலத்திலேயே குச்சி வேண்டும். பூ வரிசைகளை மழை வெறித்த பிறகு மார்கழியில் வெட்டுவது, தாய்ச்செடிகளை மட்டும் முன்னதாக, மழை இடைவெளி பார்த்து வெட்டுவது என்று பிரித்துக்கொண்டோம். பூ வரிசையில் குச்சி எடுப்பதும் தாய்ச்செடியில் பூவை நம்பியிருப்பதும் அன்றோடு நின்றன.

நூற்புழு கண்ட மூலையைப் பொறுத்தவரை நான் கடுமையான பக்கமே நின்றேன். வேப்பம்புண்ணாக்கு, பர்ப்யூரியோசில்லியம் என்ற பூசண உயிர்மருந்து, வரிசையிடையில் துலுக்கச் சாமந்தி ஆகியவை புழுவின் எண்ணிக்கையைக் குறைக்கும், ஒழிக்கா. பூவுக்கு மட்டும் வைத்திருக்கும் தோட்டம் என்றால் அவற்றோடு காலம் தள்ளலாம். நாற்று விற்கும் தோட்டத்தில் அது ஆகாது. முடிச்சு கண்ட செடிகளும் அவற்றை ஒட்டிய இரண்டு தாய் வரிசைகளும் வேரோடு பிடுங்கி எரிக்கப்பட்டன. நன்றாகத் தழைத்திருந்த செடிகளும் அவற்றில் சில இருந்தன. அவற்றின் வேரிலும் சிறு முடிச்சுகளைக் காட்டிய பிறகே உரிமையாளர் தீயிடச் சம்மதித்தார்.

அதன்பின் நிலவரம்

மழை முடிந்தபின் வந்த தளிர் தோட்டத்தின் பெரும்பகுதியில் பச்சையாக இருந்தது. பங்குனியில் தொடங்கிய பூ, சித்திரை வைகாசியில் உச்சத்துக்கு வந்தது. மொட்டின் பருமன் தேறிற்று. ஒரு காம்பில் மூன்றாக வரும் மொட்டுகளில் நடுமொட்டு மட்டும் தங்கிப் பக்கமொட்டுகள் உதிர்ந்துவந்த நிலை பெருமளவு மாறியது. நல்ல செம்மண் தோட்டத்தில் ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் பூ எடுக்கலாம் என்று எழுதப்படும் அளவை இந்த மணலில் எதிர்பார்ப்பது தவறு. உரிமையாளரும் அதை எதிர்பார்க்கவில்லை. அவருக்கு முக்கியம் குச்சி வேர்பிடிப்பது. அது பழைய நிலைக்குத் திரும்பியதாக அவரே மதிப்பிடுகிறார்.

வடக்கு வேலியோரத்து முதல் வரிசை தேறவில்லை. பனைமட்டை வேலியை உயர்த்தியும், மழையில்லா நாட்களில் மாலையில் நல்ல நீரால் இலையைக் கழுவிவிட்டும் பார்த்தாயிற்று. அந்த வரிசையை மல்லிகைக்குக் கொடுக்காமல் சவுக்கு வைத்துக் காற்றுத்தடுப்பாக்குவதே சரி என்று இப்போது முடிவு. கோடையில் சிவப்புச் சிலந்திப்பேன் தென்னையோரத்தில் தலைகாட்டிற்று. தழைச்சத்து மட்டுப்பட்டிருந்ததால் பரவவில்லை என்று கருதுகிறேன். மொட்டுப்புழு வழக்கமான அளவில் வந்தது. தாக்குண்ட மொட்டுகளைப் பறித்து அழித்ததோடு நின்றது.

பிடுங்கிய மூலையின் மண் வைகாசி வெயிலில், நனைத்தபின் ஒளிபுகும் பாலித்தீன் தாளால் மூடி, ஆறு வாரம் வெப்பமூட்டப்பட்டது. அதில் ஓராண்டுக்கு மல்லிகை இல்லை. துலுக்கச் சாமந்தி மட்டும். நாற்றுப்பாத்திகள் இதுவரை மல்லிகையோ கத்தரியோ கண்டிராத வடமேற்குப் பகுதிக்கு மாற்றப்பட்டன. ஒவ்வொரு பாத்தியிலும் விற்பனைக்கு முன் சில நாற்றுகளைப் பிடுங்கி வேரை அலசிப் பார்ப்பது, முடிச்சு ஒன்று கண்டாலும் அந்தப் பாத்தி முழுவதையும் நிறுத்திவைப்பது என்ற ஏற்பாட்டுக்கு உரிமையாளர் உடன்பட்டிருக்கிறார். வாங்குபவர்கள் இதற்காகக் கூடுதல் விலை தரப்போவதில்லை என்பதால் இது எத்தனை ஆண்டு நீடிக்கும் என்ற ஐயம் எனக்கு உண்டு.

ஆழ்துளைக் குழாய் மூடப்படவில்லை. பாத்திரம் கழுவவும் தொழுவம் அலசவும் அதன் நீர் பயன்படுகிறது. மின்கடத்துதிறன் கருவி ஒன்றை உரிமையாளரின் மகன் வாங்கிவந்திருக்கிறார். ஊற்றுக்குழிகளின் நீரை மாதம் ஒருமுறை, இறைத்து முடிக்கும் வேளையில் அளந்து, தொட்டிச் சுவரில் கரியால் எழுதிவைக்கிறார்கள். அளவு 1.5ஐத் தாண்டும் குழியை அடுத்த மழை வரை மூடிவைப்பது என்பது அவர்களாக வகுத்துக்கொண்ட கணக்கு. நான் சொன்னதைவிட அது சற்றுக் கண்டிப்பானது.